மூன்றாவது வரிசை

எங்கள் வீட்டில் ஆறு பேர். வீட்டிலிருந்த கார் ஐந்து பேருக்கானது. இந்தக் கணக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடப் புரியும். என் கணவருக்கு மட்டும் இரண்டு வருடமாகப் புரியவில்லை. புரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பது என் கட்சி.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஒரே பெண். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆரணியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கிரைண்டரோடும் வந்து இறங்கினாள். பெண் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று ஊரில் நாலு பேர் பேசுவார்களே என்று ஒரு மாதம் அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே தேவலை என்று தோன்றியது. யாரும் கேட்காமலே எல்லோருடைய துணியையும் மடிப்பாள். மாமனாருக்கு மணி பார்த்துக் கஞ்சி வைப்பாள். இந்த வீட்டில் சாப்பிடும் சோற்றுக்கு வேலை செய்தே ஆகவேண்டும் என்பதுபோல அவள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை எங்காவது கிளம்புவோம். கணவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம், "உங்கம்மா வராங்களா?" என்பார். அம்மா அதே ஹாலில், அவர் காலுக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். அவளும் என்னைப் பார்த்தே பதில் சொல்வாள். "நான் எங்கடி வரப்போறேன்? துணி காயப் போட்டிருக்கேன். நீங்க போயிட்டு வாங்க." மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசாமல் இருப்பதற்கு எங்கள் பக்கத்தில் மரியாதை என்று பெயர். நடுவில் நின்று தபால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். சம்பளம் இல்லாத உத்தியோகம்.

போகப் போக இதற்கு ஒரு காரணமும் தானாக முளைத்தது. அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாதாம், வாந்தி வருமாம். யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. ஒருநாள் என் மகளே பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரணிக்கும் வேலூருக்கும் ஆயுசு பூராவும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவள் என் அம்மா. அவளுக்கா வாந்தி? அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் போட்ட சண்டையில்தான் மூன்று வரிசை சீட் உள்ள வண்டி பற்றிய பேச்சு வீட்டுக்குள் வந்தது.

புதிது வாங்க வக்கில்லை. பழையதுதான் பார்க்கவேண்டும். பழையது என்று சொன்னதுமே என் நாத்தனார் கணவர் அம்பத்தூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். முறைக்கு எனக்கு அண்ணன். வண்டி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பு அவருக்கு. அவர் வாங்கிக் கொடுத்த வண்டிகள் எல்லாம் இப்போது எங்கே நிற்கின்றன என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரை ஒரு உதை உதைப்பார். பிறகு நம்பரைக் கூட்டுவார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் பானெட்டைத் திறக்கக்கூட விடமாட்டார். "சனி மச்சான். ஊட்டுக்குள்ள இட்னு வராத." அவ்வளவுதான் பரிசோதனை.

முதலில் கொரட்டூரில் ஒரு வண்டி. ஏரிக்குப் பக்கத்துத் தெரு, கீழ்த்தளத்தில் பார்க்கிங். நம்பர் கூட்டினால் ஆறு. அண்ணனுக்கு ஏக சந்தோஷம். சுக்கிரன் என்றார், யோகம் என்றார். வண்டி பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு வாடை வந்தது, ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. புது சீட் கவர் வாசனை என்றார் அண்ணன். நான் பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். கடைசிவரைக்கும் இழுத்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டியில் எதை வேண்டுமானாலும் கழுவலாம், பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது என்று எங்கள் ஆபீஸில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவளுடைய பணம் அப்படித்தான் போயிற்று. பெல்ட்டின் கோடியில் சேறு காய்ந்து பொருக்காக இருந்தது. தட்டியதும் மடியில் கொட்டியது.

வண்டிக்காரர் துணியை எடுத்து பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணனுக்குத்தான் கோபம் வந்தது, என்மேல். "இன்னாம்மா நீ? பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு பல்லைப் புட்ச்சிப் பாத்துகினு கீற?" என்றார். என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் பாரிவாக்கத்தில் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டு. இரண்டு பக்கமும் மனைகள், அளவுக்கல், கலர்க்கொடி. நடுவில் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தித் துடைத்து வைத்திருந்தார்கள். இந்தத் தடவை எல்லோரும் வந்து உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு. அம்மா வழக்கம்போல் துணி, சிலிண்டர், தலைவலி என்று ஆரம்பித்தாள். "வண்டியே உனக்காகத்தான் பாக்கறோம், நீ வராம எப்படி?" என்று கத்திக் கிளப்பினேன். அண்ணன் பைக்கில் நேரே அங்கே வந்துவிட்டார். கணவர், மாமனார், பிள்ளைகள் இரண்டு பேர் காரில் போனார்கள். மிச்சம் ஒரு இடம் இருந்தது. அது எனக்கு. அம்மாவைத் தனியாக பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் காரில் போய் உட்காரவா? இரண்டு பேரும் ஆவடியில் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். ஆறு பேருக்கு வண்டி பார்க்கப் போன லட்சணம் இது.

யார்டுக்காரர் கண்ணுக்கு நான் தெரியவே இல்லை. "டாக்டர் ஓட்ன வண்டி சார். கிளினிக்குக்கும் ஊட்டுக்கும், அவ்ளோதான். ஸ்க்ராட்ச் கெடையாது" என்றார், என் கணவரிடம். இந்த ஊரில் விற்பனைக்கு வருகிற பழைய வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். வேறு தொழில் செய்கிறவர்கள் வண்டியை என்ன, தின்றுவிடுகிறார்களா? "கடைசி வரிசைக்கு ஏசி வருமா?" என்று நான் கேட்டேன். "சூப்பரா வரும் சார்" என்று என் கணவருக்குப் பதில் சொன்னார்.

எரிச்சலில் நானே இறங்கிப் பார்த்தேன். நாங்கள் வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று போனில் சொல்லியிருந்தோம். பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. கதவு ரப்பரைப் பிய்த்துப் பார்த்தேன், அடிபட்டு ஒட்டவைத்த வெல்டிங் தெரியவில்லை. பெல்ட்டை எல்லாம் கடைசிவரை இழுத்தேன், சுத்தம். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று, புகை இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாவது வரிசைக்குத் தனியாகக் கதவு கிடையாது. நடு சீட்டில் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தால் அது முன்பக்கமாகக் கவிழும். கவிழ்ந்த சந்து வழியாக ஏறவேண்டும். அம்மா புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். மூட்டுவலிக்காரி. வலது காலை வைத்துவிட்டாள், இடது கால் வரவில்லை. யார்டுக்காரர், அண்ணன், மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோரும் சுற்றி நிற்க, நான் பின்னாலிருந்து அவளைத் தள்ளி ஏற்றினேன். உட்காருவதற்கு முன்பே, "நல்லா இருக்குடி, தாராளமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்த பிறகு பார்த்தால் முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்து நின்றன. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கே தலை கூரையில் இடித்தது.

நடு சீட்டை இழுத்து நிமிர்த்தினார்கள். மாமனார், அண்ணன், பிள்ளைகள் இரண்டு பேர் அதில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்னால் யார்டுக்காரர். கணவர் ஓட்டினார். ஆவடி சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் நடு வரிசைக்காரர்கள் பேச்சு சுவாரஸ்யத்தில் கடந்தார்கள். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் எகிறி எகிறி விழுந்தோம். ஏசி எங்கள்வரை வந்து சேரவில்லை. அம்மா ஒரு கையால் கூரைப் பிடியையும் ஒரு கையால் என் தொடையையும் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் "நல்லா போவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யார் கேட்டார்கள்?

ஒரு டீக்கடை வந்தது. வண்டியை ஓரம் கட்டினார்கள். நாலு கதவும் திறந்தன, எல்லோரும் இறங்கினார்கள், நாலு கதவும் மூடின. யார்டுக்காரர் சாவியை வாங்கி, நடந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் ஒரு அமுக்கு அமுக்கினார். வண்டி ஒரு கூவல் கூவிப் பூட்டிக்கொண்டது.

நானும் அம்மாவும் உள்ளே இருந்தோம்.

பின் வரிசையின் கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. அந்த வழியாகப் பார்த்தால் டீக்கடை முழுதும் தெரிந்தது. என் கணவர் பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மகளுக்கு பிஸ்கட், மகனுக்கு வடை. மாமனாருக்குச் சர்க்கரை போடாத டீ, அதைத் தானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். யார்டுக்காரருக்கு ஒரு டீ நீட்டுகிறார். முன்பின் தெரியாத ஆளுக்கு! அண்ணன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, மறுகையைக் காற்றில் ஆட்டி, மைலேஜைப் பற்றியோ எதைப் பற்றியோ பிரசங்கம் செய்கிறார். ஒருத்தர் தலைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதடி."

"ஏன்?"

"மாப்பிள்ள பதறிப்போயிடுவாரு. கடையில நாலு பேரு இருக்காங்க. மாமியாரை வண்டியில வெச்சுப் பூட்டிட்டாருன்னு ஆயிடும். டீ குடிச்சிட்டு வந்துடுவாங்க, இரு."

"உனக்கு வேர்த்துக் கொட்டுதும்மா."

"வேர்வ தானே. துடச்சிக்கலாம்."

அவளுக்கு இத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் கையை விடவே இல்லை. நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. வெளியே நிற்கிறவர்கள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்படியே இவள்மேல் திரும்பியது. இப்படி அடங்கி அடங்கியே வாழ்ந்து, கடைசியில் என்னையும் அடக்கப் பார்க்கிறாளே! கையை உதறிக்கொண்டு எழுந்தேன். நடு சீட்டின் முதுகைத் தாண்டி, துப்பட்டா எங்கோ மாட்டிக் கிழிய, அந்தப் பக்கம் போய் விழுந்து கதவைத் திறந்தேன். அலாரம் அலறத் தொடங்கியது.

டீக்கடை மொத்தமும் திரும்பியது. சாலையில் போன இரண்டு பைக்குகள் நின்றன. யார்டுக்காரர் ஓடிவந்து அலாரத்தை நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா சார், அலாரம்கூட பக்காவா வேல செய்து" என்றார். அண்ணன் அதற்கும் மேலே போனார். "மச்சான், பின்னாடி ரெண்டு பேரு குந்திகினு கீறாங்கன்றதே தெர்ல பாரு. அவ்ளோ எடம் கீது வண்டில!"

கணவர் முகம் வெளுத்துத்தான் போயிற்று. அதை மறைக்கமாட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். அதற்குள் நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அம்மா சந்துக்கு அந்தப் பக்கம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினால் அவளைத் தொட்டுவிடலாம். அந்த மனிதர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

அம்மாவும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "ஒண்ணும் இல்லன்னு சொல்லுடி."

நான் சொல்லவில்லை. வேறு என்னென்னவோ சொன்னேன். அந்தக் கடைக்காரருக்கு இன்றும் என் முகம் மறந்திருக்காது. மாமனார்தான் பாவம், "சம்பந்திம்மா நடுவுல உக்காரட்டும், நான் பின்னாடி போறேன். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். தினம் காலையில் கைவீசி நடக்கிற மனுஷன்; அவரால் முடியும். அம்மா பதறிவிட்டாள். "ஐயையோ, என்ன சம்பந்தி நீங்க?" என்று சொல்லிக்கொண்டே, இறங்க வைத்த காலை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டாள். யார் இழுத்தும் வரவில்லை. திரும்பி யார்டுக்குப் போகும்வரை நான் அவளோடு பேசவில்லை. கூரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் தனியாக, "நல்ல வண்டிதான்" என்றாள்.

யார்டில் ஆண்கள் எல்லோரும் கொட்டகைக்குள் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். நாங்கள் கிளம்புகிறோம் என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். பூந்தமல்லியில் ஆவடி பஸ் காலியாக நின்றிருந்தது. அம்மா ஜன்னலோரம் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பஸ் நகர்ந்து காற்று வந்ததும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். காலையிலிருந்து அவள் முகம் முகமாக இருந்தது அப்போதுதான். அதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு" என்றேன். "அந்த வண்டிய வாங்கினா நீ எங்ககூட வருவியா, மாட்டியா? உனக்காக நான் எல்லார்கிட்டயும் மல்லுக்கு நின்னுகிட்டு இருக்கேன்."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"மாப்பிள்ள கூப்பிட்டா வரேன்."

"அவர்தான் ஒவ்வொரு தடவையும் கேக்கறாரே!"

"உன்னைக் கேக்கறாரு." இப்போது திரும்பினாள். "உங்கம்மா வராங்களான்னு உன்னைக் கேக்கறாரு. நான் அங்கேயேதானே உக்காந்திருக்கேன்? ரெண்டு வருஷமா அந்த வீட்ல இருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் மூஞ்சியப் பாத்து, 'நீங்களும் வாங்க அத்தை'ன்னு ஒரு வார்த்த வந்ததுண்டா? நீயா இழுத்துக்கிட்டுப் போயி எந்த வண்டியில உக்கார வெச்சாலும் நான் உன் கூட ஒட்டிக்கிட்டு வந்தவதான். எடம் இல்லாததாலயா நான் வராம இருக்கேன்? அவரு வாயால கூப்பிடட்டும்டி, டிக்கியில கூட உக்காந்துட்டு வரேன்."

எத்தனை வண்டி, எத்தனை சண்டை, எத்தனை பெல்ட்! ஒரு வாக்கியம் பேசுவதற்குப் பதிலாக ஒரு வரிசை சீட்டையே விலைக்கு வாங்கக் கிளம்பியிருக்கிறோம் நாங்கள். இத்தனை நாள் நடுவில் நின்று தபால் கொடுத்த எனக்கு, கொடுத்தது என்ன என்று தெரியவில்லையே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

பருத்திப்பட்டு தாண்டும்போது என் போன் அடித்தது. கணவர்தான். பின்னால் அண்ணன் குரல் கேட்டது.

"எங்க இருக்கீங்க? அம்பத்தூர் மாமா இதையே முடிச்சிடலாம்ங்கறாரு. வண்டி உங்கம்மாவுக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லு."

"பக்கத்துலதான் இருக்காங்க" என்றேன். "நீங்களே கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் திடுக்கிட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நீட்டியிருந்த காலை மடக்கி, முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மாப்பிள்ள."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். மின்விசிறி ஓடுவது கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... ஒண்ணும் இல்ல அத்தை. அவகிட்ட குடுங்க."

அம்மா போனை என் பக்கம் நீட்டினாள்.

"உன்கிட்ட பேசணுமாம்" என்றாள்.